அடையாறு தட்டச்சு நிலையமும் அமெரிக்க விண்ணப்பங்களும்

அடையாறில் எங்கள் தட்டச்சு நிலையத்துக்கு இரண்டு பருவங்கள் இருந்தன. அரசுத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் தட்டச்சில் லோயர், ஹையர் நிலை எழுதும் பிள்ளைகள் எல்லா மிஷினையும் பிடித்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் தேர்வு முடிந்து கூட்டம் கரைந்ததும் அடுத்தது தொடங்கும். ஐ.ஐ.டி. விடுதியிலிருந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்தும் சைக்கிளில் வருவார்கள். கையில் பழுப்பு உறை, அதற்குள் ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவம். "மேடம், ஒரே ஒரு ஃபாரம்தான் இருக்கு, ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது" என்று நின்றபடியே சொல்வார்கள். ஜனவரி வரை இப்படித்தான் போகும்.

1960களில் அப்பா தொடங்கிய நிலையம் அது. 1976-ல் நான் மேசையில் உட்கார்ந்தேன். கணினி வந்து தட்டச்சுக்கு வேலை இல்லாமல் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். மேல்படிப்புக்கு வெளிநாடு போவதைப் பற்றிப் போனவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பனியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், முதல் சமையலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போவதற்கு முன்னால் நடந்த காகித வேலையை யாரும் பெரிதாக எழுதவில்லை. அதை நான் அருகிலிருந்து பார்த்தேன். யார் போனார்கள், யார் போகவில்லை என்பதை அறிவு மட்டும் தீர்மானிக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்ததா, விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலர் கிடைத்ததா என்பவையும் சேர்ந்துதான் தீர்மானித்தன. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

படிவம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே சென்னையிலிருந்து விண்ணப்பம் போயிருக்கிறது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கிய கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த எழுத்தரான ராமானுஜனிடம் பட்டம் கிடையாது. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேறவில்லை. இருந்தவை தேற்றங்கள் நிறைந்த பக்கங்கள்தான். ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது. மூன்றாவது ஆள் படித்தார்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், கணக்குப் பிரிவில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அவருக்காகப் பேசினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. 1914 தொடக்கத்தில் விரிவுரை ஆற்ற வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ்காரர் நேரில் பார்த்துப் பேசினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. வீட்டுச் சம்மதமும் வந்தது. மார்ச் 17-ல் நெவாசா கப்பலில் ஏறினார். பரிந்துரைக் கடிதம், நோக்க அறிக்கை, பண உதவி, குடும்பத்தின் ஒப்புதல் என்று பிற்காலத்தில் நான் தனித்தனித் தாளில் அடித்துக்கொடுத்த எல்லாமே இந்தக் கதையில் இருந்தன. ராமானுஜனை மேதை என்று கொண்டாடுகிறோம், சரிதான். கீழ்நிலை வேலையில் இருந்தபோதே அவருக்கு மேலதிகாரியாகக் கணிதம் தெரிந்த ஒரு நாராயண ஐயர் இருந்தார் என்பதையும் நான் சேர்த்துத்தான் நினைப்பேன்.

அமெரிக்காவுக்கான பாதையில் எனக்குப் பிடித்த பெயர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியல் படிக்கப் போனார். ஆசியப் பெண்களுக்கென்றே லெவி பார்பர் என்பவர் அங்கே 1917-ல் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியிருந்தார். அதன் துணையோடு படித்து, 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டம் இந்தியர்களைக் குடியேற விடாது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிக்க மட்டும் விட்டார்கள். படித்து முடித்தால் ஊர் திரும்ப வேண்டும். கல்யாணம் என்ற ஒரே வழி திறந்திருந்த காலத்தில் ஒரு பெண் தாவரங்களை ஆராயக் கடல் கடந்து போயிருக்கிறார். அவர் பெயரை எங்கள் நிலையத்துக்கு வந்த பெண்களிடம் சொல்ல எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லையே என்று இப்போதும் ஆறவில்லை.

மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகரின் வழி வேறு. கல்லூரியில் இருக்கும்போதே தன் ஆய்வுக் கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலருக்கு அனுப்பினார். கட்டுரையே அவரை அறிமுகம் செய்தது. அரசாங்க உதவித்தொகையில் 1930 ஜூலை 31-ல் பம்பாயில் கப்பலேறினார். ராமானுஜன், சந்திரசேகர் இருவரின் கதையிலும் விண்ணப்பம் என்பது ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவது. அலுவலகமும் கடைசித் தேதியும் அதில் கிடையாது.

படிவத்தைப் பெரிதாக்கியது போருக்குப் பிந்தைய அமெரிக்கா. 1946-ல் வந்த லூஸ்-செல்லர் சட்டம் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றது. 1950 பிப்ரவரியில் நேருவும் அமெரிக்கத் தூதர் ஹெண்டர்சனும் ஃபுல்பிரைட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதிலிருந்து பிறந்த கல்வி அறக்கட்டளையை எல்லோரும் 'யூசெஃபி' என்றே அழைத்தோம். 1957-ல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு அறிவியலிலும் பொறியியலிலும் பணத்தைக் கொட்டியது. ஆய்வகங்களுக்கு வேலை செய்ய ஆள் வேண்டும், இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கவும் ஆள் வேண்டும். அப்படிப் பெருகியதுதான் 'அசிஸ்டென்ட்ஷிப்'. மாணவன் வாரத்துக்கு 20 மணி நேரம் உழைப்பான்; பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தள்ளிச் செலவுக்கும் கொடுக்கும். எங்கள் பையன்கள் அதை 'எய்டு' என்பார்கள். தானம் மாதிரி ஒலித்தாலும் அது கூலிதான். எங்கள் நடுத்தரக் குடும்பங்கள் அமெரிக்காவை எட்ட முடிந்தது அந்தக் கூலியால்தான். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியதும் படித்தவர்கள் அங்கேயே தங்கவும் வழி திறந்தது.

இங்கே டாலர் பஞ்சம். 1957 நெருக்கடிக்குப் பிறகு அன்னியச் செலாவணியை அரசு கைக்குள் பிடித்துக்கொண்டது. 60களிலும் 70களின் தொடக்கத்திலும் போனவர்கள் சட்டைப்பையில் 8 டாலரோடு விமானம் ஏறினார்கள் என்று இன்றும் சொல்கிறார்களே, அது கதை அல்ல. கையோடு கொண்டுபோக அவ்வளவுதான் அனுமதி. எய்டு கிடைக்காத மாணவனுக்குப் பணம் இருந்தாலும் எளிதில் அனுப்ப முடியாது. ஆகவே விண்ணப்பத்தின் முழுப் பாரமும் எய்டின் மேல் விழுந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்ன பையனிடம் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எய்டோடவா தம்பி?" என்பதுதான்.

சரி, மேசைக்கு வருகிறேன்.

முதலில் படிவம் வரவழைக்க வேண்டும். ஏரோகிராமில் ஒரே மாதிரிக் கடிதம்: பெயர், கல்லூரி, எடுத்த மதிப்பெண், எந்தத் துறை, தயவுசெய்து விண்ணப்பப் படிவமும் உதவித்தொகை விவரமும் அனுப்பவும். ஒருவனுக்கே இருபது முப்பது அடிப்பேன். சில பல்கலைக்கழகங்கள் முதலில் 'பிரீ-ஆப்' என்ற சிறிய படிவத்தை அனுப்பும். அதற்குக் கட்டணம் இல்லை. அதைப் பார்த்துத் தேறுவான் என்று தோன்றினால்தான் பெரிய படிவம் வரும். சில இடங்களிலிருந்து தடித்த விவரப் புத்தகம் கப்பல் தபாலில் வரும். கடைசித் தேதி போன பிறகு வந்துசேரும்.

படிவம் வந்தால் பெயரிலேயே சிக்கல். 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும். எஸ். ரவி என்றால் ரவியைக் கடைசிப் பெயர் ஆக்குவதா, சுப்பிரமணியனை ஆக்குவதா? பாஸ்போர்ட்டில் எப்படி, மதிப்பெண் பட்டியலில் எப்படி, ஜி.ஆர்.இ. தேர்வின் விடைத்தாளில் எந்தப் பெயருக்குக் கறுப்பு வட்டம் போட்டான் என்று எல்லாம் கேட்டுத்தான் விரலை வைப்பேன். மூன்றில் ஒன்று மாறினாலும் அங்கே இரண்டு கோப்பு ஆகிவிடும். மதிப்பெண் ஒரு கோப்பில், படிவம் இன்னொன்றில். அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்ட பிள்ளைகளை அங்கே வாழ்நாள் முழுக்க அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்த ஒருவர், தன்னைப் பேராசிரியர்கள் 'சுப்பு' என்று அழைப்பதை அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார்.

அச்சடித்த கட்டத்துக்குள் எழுத்தை உட்காரவைப்பது தனி வேலை. ரோலரின் பிடியைத் தளர்த்தி, தாளை மயிரிழை ஏற்றி இறக்கி, முதலில் மெல்லிய தாளை மேலே வைத்து ஒருமுறை ஒத்திகை பார்ப்போம். வெள்ளைத் திரவம் பூசித் திருத்தினால் அலட்சியக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பையன்களுக்குப் பயம். அதனால் ரப்பரைக்கூட ஓரமாக வைத்துவிட்டு அடிப்பேன்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். அதற்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: இந்த மாணவர் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா? எங்கள் பேராசிரியர்களில் சிலருக்கு அந்தக் கட்டத்தின் வலிமை தெரியாது. நல்ல மாணவனுக்கு மனமாரப் 'பத்து' என்று குறிப்பார்கள். அங்கே படிப்பவருக்கு அது மந்தமான பாராட்டு. சீனியர்கள் இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பார்கள். 70களின் பின்பாதியில் படிவங்களில் புதிதாக ஒரு வரி முளைத்தது: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவன் கையெழுத்திட வேண்டும். 1974-ல் அமெரிக்காவில் வந்த மாணவர் ஆவணச் சட்டம்தான் காரணம் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்தது. அன்று பையன்கள் என்னிடமே கேட்பார்கள், கையெழுத்துப் போடலாமா என்று. போடுங்கள் என்பேன். கடிதத்தைப் பெரும்பாலும் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். பேராசிரியர் திருத்திக் கையெழுத்திட்டு, உறையின் ஒட்டிய விளிம்பின் மேலும் குறுக்கே ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார்.

இதற்கெல்லாம் மேலே, சொத்து விவரம். எய்டு முழுதாக இல்லையென்றால் முதல் வருடச் செலவுக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும். தாசில்தாரின் சால்வன்சி சான்று, வங்கிக் கடிதம், ஆடிட்டர் மதிப்பீடு. அந்தப் பட்டியலை நான்தான் அடிப்பேன். மன்னார்குடிப் பக்கம் நஞ்சை இவ்வளவு, புஞ்சை இவ்வளவு, மேற்கு மாம்பலத்தில் வீடு, அம்மாவின் நகை இத்தனை சவரன். பையன் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே போவான், அவனுடைய அப்பா தலை குனிந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்தது ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில் அடங்கிவிடும். அதை அடிக்கும்போது நான் அறையில் வேறு யாரையும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிறகு எடை. விமானத் தபாலில் ஒவ்வொரு 10 கிராமுக்கும் கட்டணம் ஏறும். நோக்க அறிக்கைக்கு நல்ல பாண்டு தாள் வேண்டும் என்று பையன் ஆசைப்படுவான். அந்தத் தாள் கனம். தபால் நிலையத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, மெல்லிய தாளில் மறுபடி அடித்துத் தரச்சொன்னவர்கள் உண்டு.

கடைசியாக டாலர் டிராஃப்ட். அதற்குப் பாரிமுனைப் பக்கம் பெரிய வங்கிக்குப் போக வேண்டும். 1980-ல் டாலர் ஏறக்குறைய 8 ரூபாய். ஒரு விண்ணப்பத்துக்கு 30 டாலர் என்றால் பத்துக்கு 2,400 ரூபாய், ஜி.ஆர்.இ., டோஃபல் தேர்வுக் கட்டணம் தனி. அரசு ஊழியர் வீட்டில் அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை இறக்கினார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் டாலர் 30-ஐத் தாண்டியது. அதே பத்து விண்ணப்பம் 9,000 ரூபாய்.

ஐ.ஐ.டி. பையன்கள் இந்த வேலைக்கே 'ஆப்பிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுதியில் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். ஒரே வகுப்பில் நான்கு பேர் ஒரே துறைக்கு எழுதினால் ஒருவர் வாய்ப்பை ஒருவர் தட்டிவிடுவார்கள் அல்லவா? ஆகவே நீ இல்லினாய்ஸ், நான் பர்டூ என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். போன வருடம் எந்தப் பேராசிரியர் யாருக்கு எய்டு கொடுத்தார், யாரிடம் இந்த வருடம் நிதி இருக்கிறது என்று அண்ணன்மார் கடிதம் எழுதிச் சொல்வார்கள். பேரனின் ஜி.ஆர்.இ.க்கு 'பாரன்ஸ்' வழிகாட்டிப் புத்தகத்தின் 3,500 சொற்களைத் தாத்தாவே தினம் கேட்டு ஒப்பிக்கவைத்த வீடு எனக்குத் தெரியும். இதெல்லாம் அழகான கூட்டு உழைப்பு. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வட்டம் சிறியது. எங்கள் நிலையத்துக்கு வந்தவர்களில் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு வீட்டுப் பிள்ளைகளே அதிகம். அதிலும் ஒரு சாதியின் பெயர்களே என் விரலுக்குப் பழகிப்போயின. பெண்கள் அரிது. அஜந்தா சுப்பிரமணியன் என்ற மானுடவியலாளர் சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து 2019-ல் ஒரு நூல் எழுதினார். 'தகுதி' என்று நாம் சொல்வதற்குள் சாதி எப்படி ஒளிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அதைப் பற்றிக் கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அடித்த பெயர்களே அதற்குச் சாட்சி.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிண்டியில் படித்த ஒரு மாணவர் வந்தார். அப்பா நெசவாளி. மதிப்பெண்ணில் வகுப்பில் முதல் மூவருக்குள். யாரும் சொல்லாததால் அவருக்கு விண்ணப்பிக்கும் முறையே நவம்பரில்தான் தெரியவந்தது. டோஃபல் கட்டணம் கட்டியாகிவிட்டது. விண்ணப்பக் கட்டணத்துக்கு வழியில்லை. கட்டணம் வாங்காமலே பார்க்கச் சில துறைகள் ஒப்புக்கொள்ளும், அல்லது வந்து சேர்ந்த பிறகு கட்டச் சொல்லும் என்பதை வேறு பையன்களின் கடிதங்களை அடித்து அடித்து நான் தெரிந்துவைத்திருந்தேன். அவருக்காக அப்படிக் கேட்கும் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்ததில் வறுமையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. இரண்டே வரி போதும், தறி எத்தனை என்றும் நாட்டின் செலாவணி விதி என்ன என்றும் மட்டும் சொல்லுங்கள், மீதிப் பக்கத்தில் உங்கள் புராஜெக்டைப் பற்றி எழுதுங்கள் என்றேன். எழுதினார். எழுதிய துறைகளில் சில பதிலே போடவில்லை, இரண்டு ஒப்புக்கொண்டன. ஒன்றிலிருந்து எய்டு வந்தது. ஏப்ரல் 15-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தந்தி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அவருக்கு வாய்த்தது மற்றவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. ஊர்ப்பக்கக் கல்லூரிகளில் அதே மதிப்பெண்ணோடு இருந்த எத்தனையோ பேரின் பெயரை நான் அடிக்கவே இல்லை.

பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு இன்னொரு சுவர். அமெரிக்கர்கள் பள்ளியும் கல்லூரியும் சேர்த்து 16 வருடப் படிப்பு கேட்டார்கள். நம் மூன்று வருடப் பட்டத்தோடு அது 15-ல் நின்றுவிடும். எம்.எஸ்ஸி. முடித்துத்தான் எழுத முடியும். விலக்கு இல்லாமல் இல்லை: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்ஸி. முடித்து 1971-ல் நேராக ஓஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பொறியாளர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் பொறியாளர்கள் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1984-ல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. சில வருடங்களில் எங்கள் மேசைக்கு வரும் முகங்கள் மாறின. சிவகாசி, நாமக்கல், ஈரோடு என்று ஊர்ப் பெயர்கள் படிவத்தில் ஏறின. 1995-ல் இணையம் பொதுமக்களுக்கு வந்தது. ஜி.ஆர்.இ. கணினிக்கு மாறியது. பேராசிரியருக்கு நேரே மின்னஞ்சல் அனுப்பலாம் என்றானதும் ஏரோகிராம் நின்றது. அடுத்துப் படிவமே திரைக்குள் போய்விட்டது. நாங்கள் மிஷின்களை ஒவ்வொன்றாக விற்று டி.டி.பி.க்கு மாறினோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டிலிருந்தே ஒரு பெண் யாரிடமும் கேட்காமல் எந்தப் பல்கலைக்கழகத்தின் விவரத்தையும் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தப் பழைய பருவங்களில் உழன்ற எனக்குத் தெரியும்.

மாறியது பணத்தின் வழியும்கூட. 2001-ல் வங்கிகள் கல்விக் கடனுக்கு ஒரு பொதுத் திட்டம் வகுத்தன. எய்டு இல்லாவிட்டால் போகவே முடியாது என்ற நிலை போய், வீட்டை அடகு வைத்தாவது எம்.எஸ். படிக்கப் போவது வழக்கமானது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். எல்லா நாட்டையும்விட அதிகம். அவர்களில் பெரும்பாலோர் மேல்படிப்புக்காரர்கள். அன்று சொத்துப் பட்டியல் ஒரு சான்று மட்டும். பையன் எய்டில் படித்துவிடுவான், நிலம் நிலமாகவே இருக்கும். இன்று அந்தப் பட்டியலில் உள்ளது உண்மையாகவே வங்கியிடம் போகிறது. போக முடிகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், போவதன் ஆபத்தும் கூடியிருக்கிறது. இதை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்டுகள் சொல்வதில்லை.

விண்ணப்பக் கட்டணம் இன்னும் டாலரில்தான் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் 75, 100 டாலர் என்று கேட்கிறார்கள். எட்டு இடத்துக்கு எழுதினால் அரை லட்சம் ரூபாய்க்கும் மேல். கட்டண விலக்கும் இன்னும் இருக்கிறது. சில இடங்களில் உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டும், சில துறைகளில் கேட்பவர்களுக்கு எல்லாம், சில இடங்களில் அவர்கள் நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். துறை அலுவலகத்துக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் இந்த வருடம் மூன்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களில் இருவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. உட்காரவைத்து, எந்தத் துறைக்கு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.